நீண்ட புயமும் நெடிய வண்டியும்

மோட்டார்ச் சைக்கிளின் உறுப்புகளுள் காண்போர் கண்ணை முதலிற் கவர்வன எஞ்சினும் பெற்றோல் தாங்கியுமாகும். பின்சில்லைத் தாங்கி நிற்கும் உறுப்போ பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஆயினும், வண்டி நேரே உறுதியாகச் செல்லுமா, வளைவுகளில் இலகுவாகத் திரும்புமா, விரைந்து புறப்படும்பொழுது முன்சில்லு நிலத்தை விட்டு எழுமா என்னும் வினாக்களுக்கு விடை கூறுவதில் அவ்வுறுப்பிற்குப் பெரும் பங்குண்டு.

வேக மோட்டார்ச் சைக்கிள்களில் ஆலையிற் பூட்டப்பட்ட இவ்வுறுப்பைக் கழற்றிவிட்டு, அதனினும் நீண்ட ஒன்றைப் பூட்டும் வழக்கம் அமெரிக்காவிலே பெரிதும் பரவியுள்ளது. பிற நாடுகளிலும் இளைஞரிடையே காணப்படுகின்றது. இம்மாற்றம் வண்டிக்குத் தோற்றப் பொலிவையும் மிகு வேகத்தையும் ஒருங்கே தரும் என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் எத்துணை உண்மையுடையது என்பதைப் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் எளிய பொறியியல் விதிகளைக் கொண்டே ஆராய்ந்து காணலாம்.

புயத்தின் இயல்பு

இவ்வுறுப்பைப் பொறிவினைஞர் ‘சுவிங் ஆம்’ என வழங்குவர். இக்கட்டுரையில் அது ‘புயம்’ எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும். புயத்தின் முன்முனை, எஞ்சினுக்குப் பின்னால், வண்டியின் சட்டகத்தில் ஒரு சுழலச்சினாற் பொருத்தப்பட்டுள்ளது. பின்முனையில் பின்சில்லின் அச்சு அமைந்துள்ளது. இவ்விரண்டிற்கும் இடையில், சுருள்வில்லும் அதிர்வுதணிப்பானும் சேர்ந்த தொகுதி, புயத்தையும் சட்டகத்தையும் இணைத்து நிற்கும். பாதையின் மேடுபள்ளங்களுக்கேற்பப் பின்சில்லு மேலுங் கீழும் அசையும்பொழுது புயம் தன் சுழலச்சைப் பற்றி ஊசலாடுகின்றது. அதனாலேயே அதற்கு அப்பெயர் வந்தது.

முற்காலத்து வண்டிகள் பலவற்றில் பின்சில்லு சட்டகத்தோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே புயம் பொது வழக்காயிற்று. அம்மாற்றத்திற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று, பெல்பாஸ்ற் நகரைச் சேர்ந்த ரெக்ஸ் மக்கான்ட்லெஸ் வகுத்து, நோர்ட்டன் நிறுவனம் 1950ஆம் ஆண்டிற் பந்தயத்திற் பயன்படுத்திய சட்டகமாகும். அதனைச் செலுத்திப் பார்த்த பந்தய வீரர் ஹரல்ட் டானியல் அதனை இறகு மெத்தைக்கு ஒப்பிட்டமையால் ‘பெதர்பெட்’ என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. அவ்வாண்டு மான் தீவிலே நடைபெற்ற சீனியர் பந்தயத்தில் ஜெப் டியூக் அச்சட்டகம் கொண்ட வண்டியிலேயே வெற்றி பெற்றார்.

நீட்டுவதன் நோக்கம்

‘டிறாக்’ பந்தயம் எனப்படும் நேரோட்டப் போட்டியிலே இரு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, மரபாகக் கால் மைல், அதாவது ஏறக்குறைய 402 மீற்றர் தூரத்தை நேராக ஓடி முடிக்கின்றன. அங்கு வளைவுகள் இல்லை. புறப்படும் கணத்தில் எவ்வளவு ஆர்முடுகலைப் பெறலாம் என்பதே முதன்மையான வினாவாகும். 1999ஆம் ஆண்டில் வெளிவந்த, 1299 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சுசுக்கி ஹயபூசா போன்ற வண்டிகளில் எஞ்சினின் வலுவிற்குக் குறைவில்லை. ஆனால், அவ்வலுவை முழுவதும் செலுத்த முற்பட்டால் முன்சில்லு எழுந்துவிடும். ஓட்டுபவர் உடனே வலுவைக் குறைக்க வேண்டியவராவார். வண்டியின் பின்னே தடுப்புச் சலாகைகளைப் பூட்டுதல் இதற்கு ஒரு பரிகாரமாகும். அச்சலாகைகளை அனுமதியாத போட்டி வகுப்புகளில், புயத்தை நீட்டுதலே முதன்மையான வழியாக உள்ளது.

இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். ஒரு வண்டியின் இரு சில்லுகளும் நிலத்தைத் தொடும் இடங்களுக்கிடையே உள்ள தூரம் 1400 மில்லிமீற்றர் எனக் கொள்க. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த தொகுதியின் புவியீர்ப்பு மையம் இரு சில்லுகளுக்கும் நடுவில், நிலத்திலிருந்து 650 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ளதெனவும் கொள்க. பின்சில்லு நிலத்தைத் தொடும் புள்ளியைப் பற்றித் திருப்பங்களை எடுத்தால், நிறை முன்சில்லை நிலத்தில் அழுத்த முயல்கின்றது. அதன் நெம்புப் புயம் 700 மில்லிமீற்றர். ஆர்முடுகலினாற் றோன்றும் சடத்துவ விளைவு முன்சில்லைத் தூக்க முயல்கின்றது. அதன் நெம்புப் புயம் 650 மில்லிமீற்றர். இரண்டும் சமனாகும்பொழுது முன்சில்லு நிலத்தை விட்டு நீங்கும் தறுவாயில் இருக்கும். ஆகவே, முன்சில்லு எழாமற் பெறக்கூடிய உச்ச ஆர்முடுகல், புவியீர்ப்பார்முடுகலின் 700இன் கீழ் 650 பங்கு அன்று. 650இன் மேல் 700 பங்கு, அதாவது 1.08 மடங்காகும்.

இனி, புயம் 150 மில்லிமீற்றர் நீட்டப்பட்டதாகக் கொள்க. பின்சில்லு அவ்வளவு பின்னே செல்கின்றது. முன்சில்லிற்கும் புவியீர்ப்பு மையத்திற்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ மாறுவதில்லை. எனவே பின்சில்லிலிருந்து மையத்தின் தூரம் 850 மில்லிமீற்றராகின்றது. உச்ச ஆர்முடுகல் 1.31 மடங்காக உயர்கின்றது. நேரோட்டப் போட்டியில் இது பெரியதொரு பேறாகும்.

பாதை மாறின் பயனும் மாறும்

மேற்கூறிய கணக்கு முழுமையானதன்று. முன்சில்லு எழுதல் ஆர்முடுகலுக்கு ஓர் எல்லை. பின்சில்லு வழுக்கிச் சுழலுதல் மற்றோர் எல்லை. பின்சில்லு தாங்கும் பாரத்தை உராய்வுக் குணகத்தாற் பெருக்கி வரும் தொகைக்கு மேற்பட்ட விசையை ரயர் நிலத்திற்குக் கொடுத்தல் இயலாது. புயத்தை நீட்டுமுன் எடுத்துக்காட்டு வண்டியின் பின்சில்லு, வண்டி நிற்கும்பொழுது, மொத்தப் பாரத்தின் பாதியைத் தாங்கியது. நீட்டியபின் அது 45 வீதத்தையே தாங்குகின்றது. அன்றியும், ஆர்முடுகலின்போது முன்சில்லிலிருந்து பின்சில்லிற்கு மாறும் பாரமும், வண்டியின் நீளம் கூடியமையாற் குறைகின்றது.

போட்டிப் பாதையிலே இக்குறை பாதிப்பதில்லை. அங்கு நிலத்தின்மீது பிசின் போன்ற ஒட்டுக் கலவை தெளிக்கப்பட்டிருக்கும். ஓட்டுபவர் புறப்படுமுன் பின்சில்லை நின்ற இடத்திற் சுழற்றி ரயரைச் சூடேற்றுவார். உராய்வுக் குணகம் 1.5 எனக் கொண்டால், நீட்டப்பட்ட வண்டி வழுக்குவதற்கு முன்னரே 1.31 என்னும் எல்லையை எட்டிவிடும். நீட்டியதன் பயன் முழுவதும் கிடைக்கும்.

சாதாரணத் தார்வீதியின் உராய்வுக் குணகத்தை 1 எனக் கொண்டு அதே கணக்கைச் செய்தால் விடை வேறாகின்றது. நீட்டாத வண்டி 0.93 மடங்கு ஆர்முடுகல் பெற்றபின்னரே வழுக்கத் தொடங்கும். நீட்டிய வண்டியோ 0.78 மடங்கிலேயே வழுக்கிவிடும். மழையில் நனைந்த வீதியின் குணகத்தை 0.6 எனக் கொண்டால் இவை முறையே 0.42, 0.36 மடங்குகளாகும். அஃதாவது, போட்டிப் பாதையில் வேகத்தைக் கூட்டிய அதே மாற்றம் பொது வீதியில் அதனைக் குறைக்கின்றது. ஈரப் பாதையிலே பின்சில்லு விரைவில் வழுக்கவும் இடமளிக்கின்றது. இம்மாற்றத்தை விரும்புவோர் பெரும்பாலும் சிந்தியாது விடுவது இதனையேயாம்.

தடுப்பும் திருப்பமும்

நீண்ட வண்டி விரைவில் நிற்கும் என்னும் கருத்தும் ஆராயற்பாலது. வண்டியைத் தடுக்கும்பொழுது அது முன்சில்லைப் பற்றியே கவிழ முயல்கின்றது. அக்கவிழ்வைத் தடுப்பது முன்சில்லிற்கும் புவியீர்ப்பு மையத்திற்கும் இடையிலுள்ள தூரமாகும். பின்சில்லைப் பின்னே தள்ளுவதால் அத்தூரம் பெரிதும் மாறுவதில்லை. புவியீர்ப்பார்முடுகலின் 0.8 மடங்கான அமர்முடுகலில், எடுத்துக்காட்டு வண்டியின் பின்சில்லில் எஞ்சும் பாரம், நீட்டுமுன் 13 வீதமாகவும் நீட்டியபின் 12 வீதமாகவும் இருக்கக் காணலாம். ஆகவே, முன்னே பாயும் வேகத்தை எவ்வளவு கூட்டினும், நிற்கும் ஆற்றல் ஏறத்தாழப் பழைய அளவிலேயே நிற்கின்றது.

திரும்பும் ஆற்றலோ குறைகின்றது. கைபிடியைக் குறித்த ஓரளவு திருப்பும்பொழுது வண்டி வரையும் வட்டத்தின் ஆரை, இரு சில்லுகளுக்கும் இடையிலுள்ள தூரத்திற்கு ஏறத்தாழ விகிதசமமாகும். 1400 மில்லிமீற்றர் 1550 ஆகும்பொழுது அவ்வாரை 11 வீதம் கூடுகின்றது. ஒடுங்கிய தெருவில் வண்டியைத் திருப்புவோர் இதனை உடனே உணர்வர். விரைவாகச் செல்லும்பொழுது, ஒரு பக்கம் சாய்ந்த வண்டியை மறுபக்கம் சாய்த்துத் திசைமாற்றுவதும் மந்தமாகின்றது. நேரோட்டத்தில் உறுதியெனப் போற்றப்படும் இயல்பே, எதிர்பாராத தடையொன்றை விலகிச் செல்ல வேண்டிய வேளையிற் குறைபாடாகின்றது.

சுருள்வில்லின் நிலை

புயம் ஒரு நெம்பு என்பதை மறத்தலாகாது. சுருள்வில் பொருத்தப்பட்ட இடம் மாறாதிருக்க, சில்லின் அச்சு மாத்திரம் பின்னே சென்றால், பாரம் வில்லின்மீது முன்னையினும் நீண்ட நெம்பினாற் றாக்குகின்றது. புயத்தின் நீளம் 570 மில்லிமீற்றரிலிருந்து 720 ஆயிற்றெனக் கொள்க. பின்சில்லின்மீதுள்ள பாரம் 50 வீதத்திலிருந்து 45 வீதமாகக் குறைந்தபோதிலும், வில்லின்மீதான விசை ஏறக்குறைய 14 வீதம் கூடுகின்றது. இதனால் வண்டியின் பின்புறம் தாழ்கின்றது.

இதனினும் முக்கியமான மாற்றம் ஒன்றுண்டு. சில்லின் இடத்திலே உணரப்படும் வில்லின் வன்மை, நெம்பு விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 720இன் மேல் 570 என்னும் விகிதத்தின் வர்க்கம் ஏறத்தாழ 0.63. எனவே, அதே வில், நீட்டப்பட்ட புயத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் மென்மையடைந்ததுபோல் நடந்துகொள்ளும். பின்புறம் தாழ்ந்தால் முன்கவையின் சாய்வும் மாறும்; கைபிடியின் உணர்வும் மாறும். வன்மை கூடிய வில்லையும் அதற்கேற்ற அதிர்வுதணிப்பையும் கூடவே பொருத்தாது புயத்தை மாத்திரம் மாற்றுதல் அரைகுறையான வேலையாகும்.

சங்கிலியின் இழுவையும் இங்கு கருதப்பட வேண்டும். புயம் சுழலச்சிலிருந்து பின்னோக்கிச் சற்றே தாழ்ந்து செல்வது வழக்கம். அச்சாய்வு காரணமாக, வண்டியை முன்னே தள்ளும் விசையின் ஒரு கூறு பின்புறத்தை மேலே தாங்குகின்றது. ஆர்முடுகலின்போது வண்டி பின்னே குந்துவதை அது ஓரளவு தடுக்கின்றது. சில்லின் அச்சு சுழலச்சிலும் 110 மில்லிமீற்றர் தாழ்ந்திருப்பின், 570 மில்லிமீற்றர் புயத்தின் சாய்வு 11 பாகையாகும். 720 மில்லிமீற்றர் புயத்தில் அது 9 பாகைக்குச் சற்றுக் குறைகின்றது. இத்தாலியின் பாதுவாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய வித்தோரே கொசால்ற்றர் மோட்டார்ச் சைக்கிள் இயக்கவியல் பற்றி எழுதிய நூலில் இத்தகைய தொடர்புகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

வலிமையும் பொருத்தமும்

ஒரு முனை பிணைக்கப்பட்ட வளையின் மறுமுனையிற் பாரம் தொங்கும்பொழுது ஏற்படும் வளைவு, வளையின் நீளத்தின் கனத்திற்கு விகிதசமமாகும் என்பது மாணவர் அறிந்ததே. 570இன் மேல் 720 என்பதன் கனம் ஏறக்குறைய 2. எனவே, குறுக்குவெட்டு மாறாது நீளம் மாத்திரம் கூடினால், ஒரே விசைக்குப் புயம் இருமடங்கு வளையும். முறுக்கமும் கூடும். பின்சில்லு முன்சில்லின் தளத்திலிருந்து விலகி அசையும்பொழுது, மிகு வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கலாம். நல்ல நீள்புயங்களின் மேலோ கீழோ முக்கோண வடிவான வலுவூட்டல் அமைக்கப்படுவது இதன் பொருட்டேயாம்.

நீட்டும் முறைகள் மூன்று. புதிய நீண்ட புயம் ஒன்றை முழுமையாகப் பூட்டுதல் ஒன்று. பழைய புயத்தின் பின்முனையில் நீட்டுத் தகடுகளைத் திருகாணிகளாற் பிணைத்தல் மற்றொன்று. பழைய புயத்தை வெட்டி இடையே உலோகத்தை வைத்து ஒட்டுதல் பிறிதொன்று. இவற்றுள் இறுதியானது மிகுந்த கவனத்தை வேண்டுவது. அலுமினியக் கலப்புலோகங்கள் பல, வெப்பப் பதனிடலினால் வலிமை பெற்றவை. ஒட்டும்பொழுது எழும் வெப்பம் ஒட்டினை அடுத்த பகுதியின் வலிமையைப் பெரிதும் குறைத்துவிடும். புறத்தே வழுவழுப்பாகத் தோன்றும் ஒட்டு, அகத்தே வலுவிழந்திருத்தல் கூடும். வேறொரு மாதிரியின் புயத்தைக் கொண்டுவந்து பூட்டுவோர் சுழலச்சின் விட்டம், புயத்தின் முன்முனை அகலம், தாங்கிகள், வில் இணையும் இடம், சங்கிலி செல்லும் நேர்கோடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அளந்து ஒப்பிடுதல் இன்றியமையாதது.

சங்கிலியிலும் ஒரு சிறு கணக்குண்டு. பெரிய வண்டிகளின் சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளம் 15.875 மில்லிமீற்றர். சங்கிலி மேலுங் கீழுமாக இருமுறை செல்வதால், 150 மில்லிமீற்றர் நீட்டலுக்கு 300 மில்லிமீற்றர் சங்கிலி, அதாவது ஏறக்குறைய 19 கண்ணிகள் மேலதிகமாக வேண்டும். உட்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறிமாறி வருவதால் எண்ணிக்கை இரட்டையாதல் வேண்டும். 20 கண்ணிகளைச் சேர்த்தால் அச்சு மேலும் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் பின்னே செல்லும். அதற்கு இடம் புயத்தின் சீராக்கும் துவாரத்தில் இருத்தல் வேண்டும். பின் பிறேக்கின் திரவக் குழாயும், சில்லின் வேகத்தை அளக்கும் உணரியின் கம்பியும் அதற்கேற்ப நீள வேண்டும். வில் முற்றாக நீண்ட நிலையிலும் அவை இறுகலாகாது. 2015ஆம் ஆண்டின் யமஹா ஆர் 1 முதலான பிற்கால வண்டிகளில் முன்சில்லு எழுவதையும் பின்சில்லு வழுக்குவதையும் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்புகள் உள்ளன. அவை ஆலை வகுத்த அளவுகளுக்கெனச் சீரமைக்கப்பட்டவை. வண்டியின் நீளத்தை மாற்றியவர் அவ்வமைப்புகள் முன்போலவே காக்கும் என நம்பியிருத்தல் தகாது.

ஆலைகள் கண்ட வழி

அவ்வாறாயின் நீண்ட புயம் என்பதே தவறானதோ எனின், அன்று. வேக வண்டிகளை வகுத்த பொறியியலாளரே அதனை விரும்பி நாடினர். சுசுக்கி நிறுவனம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜி.எஸ்.எக்ஸ்.-ஆர் 750 என்னும் வண்டி எடை குறைந்தது, விரைவுடையது. ஆயினும் மிகு வேகத்தில் அதன் நேரோட்ட உறுதி போதாதெனக் காணப்பட்டது. 1986ஆம் ஆண்டு மாதிரியில் அதன் புயம் 25 மில்லிமீற்றர் நீட்டப்பட்டது. ஓர் ஆலை, குறித்ததொரு குறையைத் தீர்க்க வேண்டி நீட்டிய அளவு அவ்வளவே என்பது நோக்கத்தக்கது.

1998ஆம் ஆண்டில் வெளிவந்த யமஹா ஆர் 1 இவ்வகையிற் பெருஞ் சாதனையாகும். குனிஹிக்கோ மிவாவின் தலைமையில் அதனை உருவாக்கியோர், நீண்ட புயத்தையும் குறுகிய வண்டியையும் ஒருங்கே வேண்டினர். கியர்ப் பெட்டியின் இரு தண்டுகளையும் ஒன்றன் பின் ஒன்றாக வையாது, ஒன்றை உயர்த்தி அடுக்கினர். அதனால் எஞ்சின் நீளத்திற் குறுகியது. புயத்தின் சுழலச்சு முன்னே நகர்ந்தது. முன்பக்கமாகவே புயத்திற்கு இடம் கிடைத்தது. புயம் நீண்டதாயிருந்தும், சில்லுகளுக்கிடையிலுள்ள தூரம் 1395 மில்லிமீற்றராகவே அமைந்தது.

நீண்ட புயத்தால் அவர்கள் பெற்ற பயன் யாதெனின், பின்சில்லின் அசைவின்போது புயத்தின் சாய்வு மாறும் அளவு குறைந்தமையாகும். பின்சில்லு 120 மில்லிமீற்றர் எழுந்து தாழும்பொழுது 500 மில்லிமீற்றர் புயம் ஏறக்குறைய 14 பாகை சுழலும். 570 மில்லிமீற்றர் புயம் 12 பாகையே சுழலும். அதனாற் சங்கிலியின் இறுக்கமும் உந்துவிசையின் தாங்குதலும் பெரிதும் மாறாது நிலைக்கின்றன. வளைவிலிருந்து வெளிவரும் ஓட்டுபவர் துணிந்து வலுவைச் செலுத்துகின்றார். இவ்வாறு எஞ்சினைக் குறுக்கிப் புயத்தை நீட்டும் முறையைப் பின்னர் ஏனைய நிறுவனங்களும் கைக்கொண்டன.

இவ்விரு வழிகளையும் ஒப்புநோக்கின் வேறுபாடு தெளிவாகும். ஆலை, சுழலச்சை முன்னே நகர்த்திப் புயத்தை நீட்டுகின்றது, வண்டி நீள்வதில்லை. புயத்தை மாற்றிப் பூட்டுபவர் பின்சில்லைப் பின்னே நகர்த்துகின்றார். புயத்தோடு வண்டியும் நீள்கின்றது. முன்னையதன் நன்மைகளைக் கேட்டறிந்து பின்னையதைச் செய்பவர், தாம் நாடிய பயனைப் பெறுவதில்லை.

நேரோட்டப் பாதைக்கென ஒதுக்கப்பட்ட வண்டிக்கு நீட்டிய புயம் தகுந்த உறுப்பாகும். அதன் பயனைக் கணக்கும் உறுதி செய்கின்றது. வேலைக்கும் கல்லூரிக்கும் நாள்தோறும் செல்லும் வண்டியில், ஈரமும் மணலும் திடீர்த் திருப்பங்களும் நிறைந்த பொது வீதியில், அதே உறுப்பு பிடிப்பையும் திரும்பும் ஆற்றலையும் குறைத்து ஓட்டுபவரின் உயிருக்கே இடையூறு விளைத்தல் கூடும். எனவே, புயத்தின் நீளத்தை வினவுமுன் அவ்வண்டி எப்பாதையில் ஓடப்போகின்றது என்பதை வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை கண்டபின்னரே, அளவுகோலையும் திருகுசாவியையும் கையில் எடுத்தல் அறிவுடைமையாகும்.